கோடு எங்கே போடுவது

நுரையீரலில் இருக்கும் சிறு முடிச்சுகளைக் கணினி வழியாகக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கென்று பொதுவில் வைக்கப்பட்ட சி.டி. தொகுப்பு ஒன்று உண்டு. எல்.ஐ.டி.சி. என்றால் துறையில் எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 1,018 ஸ்கேன்கள். ஒவ்வொன்றையும் அனுபவமுள்ள நான்கு ரேடியாலஜிஸ்டுகள் முதலில் தனித்தனியாகப் பார்த்துக் குறித்தார்கள். அப்புறம், மற்ற மூவரும் குறித்ததைப் பெயர் சொல்லாமல் காட்டி, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால், 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள முடிச்சு என்று ஒருவராவது குறித்த இடங்கள் 2,669. நான்கு பேரும் ஒத்துக்கொண்டவை 928.

மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நால்வரும் தேர்ந்தவர்கள். நோயாளி வெளியே காத்திருக்கும் அவசரம் இல்லை. திருத்திக்கொள்ள வாய்ப்பும் கொடுத்தாகிவிட்டது. அப்படியும் இவ்வளவு வேறுபாடு.

மருத்துவப் படங்களைக் கணினியால் பகுத்தாயும் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் என்னிடம் வந்தால், நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான். நாம் விடை என்று வைத்துக்கொண்டு கணினி மாடலுக்குக் கற்றுக்கொடுப்பது, யாரோ ஒரு மருத்துவர் தன் அறிவையும் பழக்கத்தையும் வைத்துப் போட்ட கோடு. அந்தக் கோட்டை அப்படியே வாங்கிக்கொண்டு மதிப்பெண் ஏற்றுவதில் ஒரு வாழ்நாளைக் கழித்துவிடலாம். அது ஏன் அங்கே விழுந்தது என்று கேட்டுப் போனால் இயற்பியல், உடற்கூறு, புள்ளியியல், மருத்துவமனையின் அன்றாட நடைமுறை என்று எல்லாவற்றுக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கும். எனக்கு இந்த வேலை இன்னும் அலுக்காமல் இருப்பதற்கு இரண்டாவது வழிதான் காரணம்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டோ வேறு, மருத்துவப் படம் வேறு. கணினிப் பார்வை படித்துவிட்டு வருகிறவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவீடு. உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-ரே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு எடுக்கிறோம். கோடுகளின் வழியே எடுத்த கூட்டுத்தொகைகளிலிருந்து ஒரு சார்பை மீட்டெடுக்கும் கணிதத்தை யோஹான் ராடோன் 1917-லேயே எழுதி வைத்துவிட்டார். அது மருத்துவத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. அந்தப் படத்தின் அளவு 80-க்கு 80 புள்ளிகள். ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எக்ஸ்-ரே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைச் சொல்ல ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரால் இன்றும் ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0, காற்று −1000. வழக்கமாகச் சேமிக்கப்படும் எல்லை −1024 முதல் 3071 வரை, அதாவது 4,096 படிகள். சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாம்பல் படிகள். அதனால் எந்தப் பகுதியைத் திரையில் விரித்துக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விண்டோ என்பார்கள். ஒரே மார்புத் துண்டை நுரையீரல் விண்டோவில், அதாவது −600-ஐ மையமாகவும் 1500-ஐ அகலமாகவும் வைத்துத் திறந்தால், இரத்தக்குழாய்கள் கிளைகிளையாக நுனி வரை தெரியும். இதயம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். 40-ஐ மையமாக, 400-ஐ அகலமாக மாற்றினால் நுரையீரல் முழுக்க இருண்டுவிடும். இதயத்தின் பக்கத்தில் நிணநீர்க் கணுக்கள் தலைகாட்டும். ஓரம் மங்கலான ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு இப்படி மாற்றிப் பாருங்கள். முதல் விண்டோவில் பெரிதாக இருந்தது இரண்டாவதில் சுருங்கும், சில சமயம் காணாமலே போய்விடும். கோப்பில் உள்ள எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. கோடு போடுகிறவர் எந்த விண்டோவில் உட்கார்ந்திருந்தார் என்பது பல தரவுத்தொகுப்புகளில் பதிவாகியே இருக்காது.

எம்.ஆர்.ஐ.யில் இப்படி ஓர் அளவுகோல்கூடக் கிடையாது. ஒரே தலையை இரண்டு கருவிகளில் எடுத்தால் எண்கள் வெவ்வேறாக வரும். திசுத் துண்டுகளை ஸ்லைடில் வைத்து ஸ்கேன் செய்யும் நோயியல் படங்களில் சாயத்தின் அடர்த்தி ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஒரு ஸ்லைடு பக்கத்துக்கு ஒரு லட்சம் பிக்சல் வரை போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொல்லைகள்.

இன்னொன்று, இடமும் வலமும். மருத்துவர்கள் படத்தை நோயாளிக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள், அதனால் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கத்தில் வரும். மருத்துவமனைகள் பயன்படுத்தும் டைகாம் வடிவத்தில் முதல் அச்சு நோயாளியின் இடப்பக்கம் நோக்கி வளரும். மூளை ஆராய்ச்சியில் புழங்கும் நிஃப்டி வடிவத்தில் அதே அச்சு வலப்பக்கம் நோக்கி வளரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரலில் ஓர் எதிர்மறைக் குறி விடுபட்டால் போதும், மூளை பார்க்க அப்படியே இருக்கும், பக்கங்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். மூளையின் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. இதற்காகவே சில ஆய்வுக்குழுக்கள் ஸ்கேன் எடுக்கும்முன் தலையின் வலப்பக்கத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுவார்கள். அதில் இருக்கும் எண்ணெய் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும். எவ்வளவு நிரல் மாற்றினாலும் அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் வலம். இந்தத் துறையில் நான் பார்த்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான் ஆராய்ச்சிக்குள் வந்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில், எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் டீப் லேர்னிங் என்ற பேச்சே இல்லை. சாம்பல் அளவைப் பார்த்துப் படத்தை இரண்டாகப் பிரிக்கும் ஓட்ஸுவின் 1979 முறை, ஓரங்களைத் தேடும் கேனியின் 1986 முறை, காஸ், விட்கின், டெர்ஸோபோலஸ் மூவரும் 1987-இல் கொண்டுவந்த ஸ்நேக் என்ற வளைகோடு முறை, இவைதான் எங்கள் கருவிப்பெட்டி. ஸ்நேக் முறையில் படத்தின் மேல் ஒரு மூடிய கோட்டை வைப்போம். கோட்டை வழவழப்பாக வைத்திருக்க ஒரு விசை, வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களை நோக்கி இழுக்க இன்னொரு விசை. இரண்டும் சமன்படும் இடத்தில் கோடு நிற்கும்.

இதய எம்.ஆர்.ஐ.யில் இடது கீழறையின் உட்சுவரைச் சுற்றி இந்தக் கோட்டை நிறுத்துவது எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது என்று கணக்கிட அந்தக் கோடு வேண்டும். அறைக்குள் பாப்பிலரி தசைகள் என்று இரண்டு சிறு தசைத் திரட்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும்; வால்வு இழைகள் அவற்றில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பிரகாசமான இரத்தத்தின் நடுவே அவை கறுப்பாகத் தெரியும். ஸ்நேக் நேராகப் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் இருப்பதிலேயே கூர்மையான ஓரம் அதுதானே. ஆனால் எங்களுக்குப் படங்களைக் கொடுத்த மருத்துவர்கள் அந்தத் தசைகளைக் கண்டுகொள்ளாமல், அவையும் இரத்தம்தான் என்பதுபோல் அவற்றைத் தாண்டி உட்சுவரை ஒட்டியே கோடு போட்டிருந்தார்கள். வேறு சில மையங்களில் தசைகளை இரத்தத்தில் சேர்க்காமல் கழித்துவிடுவார்கள். இரண்டுமே வழக்கத்தில் உள்ள முறைகள்தான், ஒரே முறையைத் தொடர்ந்து பின்பற்றினால் நோயாளியை வருடா வருடம் ஒப்பிட முடியும். ஓரம் எங்கே என்பது படத்துக்குள் இருந்து மட்டும் வருவதில்லை, அளவு எதற்காக என்பதிலிருந்தும் வருகிறது. என் முதல் வேலை சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை அப்புறம் வந்த எந்தத் தொழில்நுட்பமும் பழசாக்கவில்லை.

தொழில்நுட்பம் மாறியது என்னவோ வேகமாகத்தான். 2012-இல் போட்டோக்களில் இருப்பது என்ன என்று கணினி சொல்ல வேண்டிய இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற டீப் லேர்னிங் மாடல் வென்றபோது எங்களில் பலர், அதற்குப் பத்து லட்சத்துக்கு மேல் படங்கள் இருந்தன, நம்மிடம் அவ்வளவுக்கு எங்கே போவது என்று ஒதுங்கியிருந்தோம். 2015-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ரோனபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் மூவரும், மருத்துவ, உயிரியல் படங்களில் கோடு போட்டுப் பிரிக்கும் யூ-நெட் என்ற மாடலை வெளியிட்டார்கள். பழ ஈ புழுவின் நரம்புத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த வெறும் 30 படங்களை வைத்து அதைப் பயிற்றுவித்துக் காட்டினார்கள். படங்களை ரப்பர்போல் இழுத்து வளைத்துப் புதிய மாதிரிகளை உண்டாக்கினார்கள். படத்தைச் சுருக்கிச் சுருக்கி, இது என்ன என்று அறியும் ஒரு பாதை. மறுபடி விரித்து, எங்கே இருக்கிறது என்று குறிக்கும் இன்னொரு பாதை. சுருக்கும்போது தொலைந்துபோகும் நுணுக்கங்களைக் குறுக்கே எடுத்துச்செல்லும் இணைப்புகள். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியைத் தவறவிட்டால் அதிகத் தண்டனை என்று ஒரு ஏற்பாடும் வைத்தார்கள். என்னை அதிகம் கவர்ந்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான். எந்தப் பிழை உயிரியலாளரைப் பாதிக்கும் என்று யோசித்தவர்களுக்கு மட்டுமே அது தோன்றும்.

அதன்பின் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் யூ-நெட்டின் திருத்த வடிவங்கள் வந்தன. 2021-இல் என்.என்.யூ-நெட் குழுவினர், பழைய யூ-நெட்டையே எடுத்துக்கொண்டு, புள்ளிகளின் இடைவெளி, துண்டின் அளவு, எண்களைச் சீராக்கும் முறை ஆகியவற்றைத் தரவுக்கு ஏற்பத் தானாகவே ஒழுங்காக அமைக்க வைத்தால், பல போட்டிகளில் புதுப் புது வடிவங்களை முந்திவிடலாம் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையை எங்கள் குழுவில் வரிவரியாகப் படித்தோம். கட்டமைப்பில் தேடிய பதில் பெரும்பாலும் தரவைக் கையாளுவதில் கிடந்தது.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். இரண்டு கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்ல நாங்கள் அதிகம் பயன்படுத்துவது டைஸ் அளவு. லீ டைஸ் 1945-இல் சூழலியலுக்காக எழுதியது. முழுதும் ஒத்தால் 1, துளியும் ஒத்துப்போகாவிட்டால் 0. பக்கத்துக்கு 100 பிக்சல் உள்ள ஒரு சதுரத்தை ஒரே ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தினால் டைஸ் 0.99. பக்கத்துக்கு 5 பிக்சல் உள்ள சதுரத்தை அதே ஒரு பிக்சல் நகர்த்தினால் 0.80. பிழை ஒன்றுதான், மதிப்பெண் வேறு. கல்லீரலில் 0.95 வாங்கிய மாடலையும், மூளையில் சிதறிக் கிடக்கும் சிறு புண்களில் 0.70 வாங்கிய மாடலையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒன்றை உயர்த்திப் பேசுவது வேலைக்கு ஆகாது. அதோடு, இரண்டு மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே 0.75 தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், 0.90 எடுத்த மாடல் யாருடைய கையெழுத்தைக் கற்றுக்கொண்டது என்று கேட்க வேண்டும்.

மாடல் எதைக் கற்றுக்கொள்கிறது என்பது நான் அதிக நேரம் செலவிடும் கேள்வி. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் எனக்குப் பாடநூல். மார்பு எக்ஸ்-ரேயில் நிமோனியா கண்டறியும் மாடலை வெவ்வேறு மருத்துவமனைப் படங்களில் சோதித்தார்கள். படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை மாடலால் ஏறக்குறைய தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனைத் தரவில் நிமோனியா 34 சதவீதம், இன்னொன்றில் 1 சதவீதத்தை ஒட்டி. இடத்தை அறிந்தாலே நோயைப் பாதி ஊகித்துவிடலாம். எக்ஸ்-ரே ஓரத்தில் தொழில்நுட்பர் வைக்கும் உலோகக் குறிகூட மாடலுக்குத் துப்பாகிவிடுகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் நியூமோதொராக்ஸ் நோயிலும் இதே கதைதான். ஒரு பெரிய பொதுத் தொகுப்பில் அந்த லேபிள் உள்ள படங்கள் பலவற்றில் அந்தக் காற்றை வெளியேற்ற நோயாளிக்கு ஏற்கெனவே குழாய் செருகப்பட்டிருந்தது. குழாயைக் கண்டுபிடித்தாலே மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மருத்துவருக்கு உதவி தேவைப்படுவதோ, இன்னும் குழாய் செருகப்படாத நோயாளிக்கு.

கோவிட் காலத்தில் இது மொத்தத் துறைக்கும் உறைத்தது. 2020-இல் வெளியான 2,212 ஆய்வுகளிலிருந்து சல்லடைபோட்டு 62-ஐ எடுத்து நுணுக்கமாகப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2021-இல் வந்தது. அவற்றில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியானதில்லை என்பது அதன் முடிவு. கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை, ஒப்பிட எடுத்த நிமோனியா படங்கள் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுடையவை என்ற நிலைகூட இருந்தது. அப்படிப்பட்ட தரவில் மாடல் வயதைக் கற்றுக்கொண்டாலும் மதிப்பெண் வந்துவிடும். உதவ வேண்டும் என்ற தவிப்பில் செய்யப்பட்ட வேலைகள் அவை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். மார்பு எக்ஸ்-ரேயில் நுரையீரல் இருக்கும் பகுதியை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் ஓரங்களை மட்டும் கொடுத்து மாடலை மறுபடி பயிற்றுவிப்போம். அப்போதும் நோயைச் சரியாகச் சொன்னால், அந்தத் தரவை அப்படியே நம்ப முடியாது என்று அர்த்தம். இதைச் செய்ய அரை நாள்கூட ஆகாது. இப்படிப்பட்ட சோதனைகளை மையமாக வைத்து எழுதிய எங்கள் கட்டுரை ஒன்று, இதில் புதுமை என்ன என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. புது வடிவம் ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருந்தால் சுலபமாக ஏறியிருக்கும். சோதிப்பதற்கு உரிய மரியாதையை இந்தத் துறை இன்னும் கொடுக்கவில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் படம் படிப்பதைப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி வேறு எதுவும் இல்லை. எங்களோடு வேலை செய்யும் ஒரு மூத்த ரேடியாலஜிஸ்டிடம் ஒருமுறை, மாடல் சந்தேகப்பட்ட ஒரு மார்பு சி.டி.யைக் காட்டினேன். அவர் முடிச்சைப் பார்க்கவே இல்லை.

“பழைய படம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை டாக்டர், தொகுப்பில் ஒரு நோயாளிக்கு ஒரு ஸ்கேன்தான் கொடுத்திருக்கிறார்கள்.”

“அப்போ இதில் நான் என்ன சொல்றது? ரெண்டு வருஷமா இதே அளவில் இருந்தால் விட்டுடுவேன். மூணு மாசத்தில் வளர்ந்திருந்தால் இன்றைக்கே கூப்பிடுவேன். உங்க மாடல் எதை வைத்துச் சொல்லுது?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் ஆய்வின் திசையே மாறியது. ஒரே நோயாளியின் இரண்டு காலத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மூச்சின் ஏற்ற இறக்கத்தால் வந்த மாற்றத்தையும் உண்மையான வளர்ச்சியையும் பிரிப்பதில் இறங்கினோம்.

ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் டீப் லேர்னிங் அவர்களைவிட நன்றாகச் செய்யும் என்று டீப் லேர்னிங் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். இன்றும் ரேடியாலஜிஸ்டுகள் பயிற்சி பெறுகிறார்கள், அவர்களுக்கான தேவையும் குறையவில்லை. அந்த மூத்த மருத்துவரின் மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால், படம் படிப்பது என்பது பிக்சலிலிருந்து ஒரு பெயருக்குப் போவது மட்டுமில்லை என்று யாருக்கும் புரிந்திருக்கும்.

இந்த வேலையில் வெளியே தெரியாத பகுதி நிறைய. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருப்பது, தரவிலிருந்து நோயாளியின் அடையாளத்தை நீக்குவது. அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்துக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தையே முப்பரிமாணத்தில் மீட்டெடுத்துவிடலாம், அதனால் முகப் பகுதியை அழித்துவிட்டுத்தான் பகிர வேண்டும். ஒரே நோயாளியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் நோயாளி வாரியாகப் பிரிப்பது. இவற்றை ஆய்வு மாணவர்களிடம் எடுபிடி வேலையாகத் தள்ளிவிடும் குழுக்களிலிருந்து நல்ல ஆராய்ச்சி வந்து நான் பார்த்ததில்லை.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஃபூரியே மாற்றம், இந்த மூன்றையும் ஆழமாக. எம்.ஆர்.ஐ. கருவி அளந்து தருவதே ஃபூரியே வெளியில்தான். மாடல்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 2023-இல் மெட்டா வெளியிட்ட, படத்தில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் சாம் மாடல் 1 கோடியே 10 லட்சம் படங்களில் பயிற்சி பெற்றது. அவ்வளவு கணினித் திறன் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வராது, வரத் தேவையும் இல்லை. அப்புறம், மாடல் மிக மோசமாகச் செய்த இருபது படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்ன நடந்தது என்று கையால் எழுதுங்கள். சராசரி எண் சொல்லாததை அந்தப் பக்கம் சொல்லும்.

நான் இப்போது ஈடுபட்டிருப்பது கதிர்வீச்சு சிகிச்சையில், கதிர் பாய வேண்டிய இடத்தைச் சுற்றிப் போடும் கோட்டில். பல நிபுணர்களின் கோடுகளிலிருந்து ஒவ்வொருவரின் நம்பகத்தையும் கணித்து ஒரு பொதுக் கோட்டை எடுக்கும் ஸ்டேப்பிள் முறை 2004-லிருந்தே இருக்கிறது. 2018-இல் வந்த நிகழ்தகவு யூ-நெட் அதற்கு மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஒரே படத்துக்கு, நிபுணர்கள் போடக்கூடிய பல கோடுகளைத் தருகிறது. அதைச் சோதித்ததும் எல்.ஐ.டி.சி. தொகுப்பில்தான். ஆனால் சிகிச்சைக் கருவிக்கு ஒரே ஒரு கோட்டைத்தான் கொடுக்க முடியும். கதிர் அந்தக் கோட்டை நம்பித்தான் பாயும், பக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் இருக்கும். அதனால் எங்கள் குழு கோடுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் தண்டுவடத்துக்குப் போய்ச் சேரும் கதிர் அளவு எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுகிறது. பல இடங்களில் கோடுகள் தாறுமாறாக விலகியிருந்தும் கதிர் அளவு அசைவதே இல்லை. அங்கே மருத்துவரின் நேரத்தை எடுக்க வேண்டாம். சில துண்டுகளில் 2 மில்லிமீட்டர் விலகலே அளவைத் தூக்கிவிடுகிறது. அந்தத் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து, சாத்தியமான கோடுகள் எல்லாவற்றோடும் மருத்துவரின் திரைக்கு அனுப்பும் மென்பொருளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.